பிர்க்கி இல்லாத பட்டம்

கல்யாணமாகி தாராவிக்கு வந்த முதல் சங்கராந்த் அன்றே ஆபிதாவின் கையில் பிர்க்கியைக் கொடுத்துவிட்டான் அப்துல் ரவூப். பட்ட நூல் சுற்றிய உருளை அது. இரண்டு பக்கக் காம்பையும் பிடித்துக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவன் ‘டீல்’ என்றால் நூலை ஓடவிட வேண்டும், இழுத்தால் சுற்ற வேண்டும். அண்ணாந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் நூல் சிக்கும். பட்டத்தை ரவூப் பார்ப்பான், ரவூபின் முதுகை ஆபிதா பார்ப்பாள்.

ஆனாலும் அவளுக்கு அந்த நாள் பிடிக்கும். மற்ற நாளெல்லாம் கீழே அடுப்படி, மேலே ரவூபின் தோல்பை பட்டறை, இரண்டுக்கும் நடுவே ஓர் ஏணி. சங்கராந்த் அன்று மட்டும்தான் பட்டறைக்கும் மேலே, மொட்டைமாடியில், சாயங்காலக் கடல்காற்றில் நிற்க முடியும். வருஷத்தில் ஒரு நாள்தானே என்று அவள் அதை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். ஒரு வருஷம் காய்ச்சலோடு ஏறிப் பிர்க்கி பிடித்தவள்.

சந்துக்கு அந்தப் பக்கம், கிழக்கே, இசக்கிப்பாண்டியின் மாடி. பழைய எண்ணெய் டின்களை வாங்கி, நசுங்கலைத் தட்டி எடுத்து விற்கிறவர் அவர். டப்பாவுக்குப் பஞ்சமில்லாத வீடு. ஒவ்வொரு வருஷமும் அவர் ரவூபின் பட்டத்தை வெட்டுவார். வெட்டிய கையோடு அவர் சம்சாரம் மீனாட்சியம்மாள், பிர்க்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடிச்சுவரில் தயாராக வைத்திருக்கும் டப்பாவைக் கரண்டியால் அடிப்பாள். அந்தச் சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். காலையில் குழாயடியில் ஆபிதாவும் அவளும் ஒட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான். ஆனால் மாடி வேறு, குழாயடி வேறு. ரவூபுக்கு அந்த டப்பாச் சத்தம் ஒரு வாரம் காதை விட்டுப் போகாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது.

எண்பத்தாறில் கப்பலில் வேலை பார்க்கும் ஆபிதாவின் அண்ணன் ஜெயினுலாப்தீன் வந்தபோது, மச்சானுக்கென்று இங்கிலாந்திலிருந்து ஒரு பட்டம் கொண்டுவந்தான். காகிதம் இல்லை, பிளாஸ்டிக். நீளமாக ஒரு குழாய் வால். எல்லாவற்றையும்விட விசித்திரம், அதற்கு இரண்டு கயிறு, இரண்டு கைப்பிடி. இடது கயிற்றை இழுத்தால் இடது பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலது பக்கம். கயிறு மொத்தமே மூன்று வீட்டு நீளம்தான். அங்கே கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரன் இதைக் குட்டிக்கரணம் போட வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அண்ணன் சொன்னான்.

ரவூப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தான். பிர்க்கி எங்கே என்று கேட்டான். பிர்க்கி கிடையாது என்றான் அண்ணன். ஆபிதாவும் ஒரு தடவை பையை வாங்கி உதறிப் பார்த்தாள்.

தாராவியில் பழகினால் இசக்கிப்பாண்டியின் கண்ணில் பட்டுவிடும். அதனால் பட்டறை விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், ஜும்மா முடிந்ததும், புருஷனும் பொண்டாட்டியும் சயானில் பஸ் ஏறி வாஷிக்குப் போனார்கள். அங்கே கட்டிடம் எழும்பாத மனைகள் புல் முளைத்துக் கிடந்தன. ஆபிதா தூரத்தில் பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்பாள், ரவூப் கைப்பிடிகளை இழுப்பான், பட்டம் எழும்பும், உடனே தரையில் குத்தும்.

பிறந்ததிலிருந்து ஒற்றை நூலில் பட்டம் விட்ட கை அது. பட்டம் தடுமாறினால் நூலைத் தளர்த்தித்தான் அதற்குப் பழக்கம். இந்தப் பட்டமோ தளர்த்தினால் செத்தது. காற்று சரியில்லை என்பான், புல் ஈரம் என்பான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், ரவூபுக்கு வாஷிக் காற்று கோணல்.

அஸர் தொழுகைக்கு நேரமானதும், பட்டத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவான். தொழுகை முடிந்து ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் வருவான். ஆபிதா மடித்து வைத்தாள், முதல் வெள்ளிக்கிழமை மட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பட்டத்தை ஒரு கல்லில் சாய்த்து நிறுத்திவிட்டு, தூரம் போய்க் கைப்பிடிகளை எடுத்தாள். விட்டுப் பழகாத கைக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. பக்ரீத்துக்கு வாங்கிய இரண்டு ஆடுகளை இரண்டு கையிலும் பிடித்து நடத்தியது போலத்தான் இருந்தது. எது முரண்டு பிடிக்கிறதோ அதைக் கொஞ்சம் இழு, மற்றதை விட்டுவிடாதே, அவ்வளவுதான். நூல் விறைப்பதும் தளர்வதும் பிர்க்கி பிடித்த விரல்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

வட்டம் போட வந்தது. அதற்கு ஜிலேபி என்று பேர் வைத்தாள். புல்லின் நுனியை ஒட்டிக் குறுக்கே ஓட்டினாள், அது இஸ்திரி. தலைகீழாகப் பாய்ந்து தரைக்கு ஒரு சாண் மேலே நிமிர்வது சலாம். முதல் தடவை இந்த சலாம் சரியாக வந்தபோது யாருமில்லாத மைதானத்தில் அவள் தனியாகச் சிரித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டத்தை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள், யார் முதுகும் மறைக்கவில்லை.

ஒரு நாள் ரவூப் டீயை வேகமாகக் குடித்துவிட்டான் போலிருக்கிறது. மைதானத்தில் நடந்து வந்தவனின் தலையிலிருந்து வெள்ளைத் தொப்பி பறந்து புல்லில் விழுந்தது. என்னவென்று அவன் திரும்புவதற்குள் பட்டம் மேலே போய் ஒன்றும் தெரியாத பிள்ளை போல நின்றது.

“தவறிப் பட்டுட்டு மச்சான்,” என்றாள் ஆபிதா.

தவறிப் படவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ரவூப் சிரிக்கத்தான் செய்தான். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கைப்பிடிகளை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அவன் பட்டமும் ஒரு ஜிலேபி போட்டது. திரும்பும் பஸ்ஸில் முழுத் திட்டத்தையும் சொன்னான். கடல்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். இந்தப் பட்டம் சரியாக இசக்கிப்பாண்டியின் மாடிக்கு மேலே நிற்கும். அவர் நூல் அங்கிருந்துதான் மேலே போகிறது. இரண்டு கயிறிலும் மாஞ்சா ஏற்றி, அந்த நூலைச் சுற்றி ஒரு ஜிலேபி. கழுத்திலேயே வெட்டு.

தான் எங்கே நிற்க வேண்டும் என்று ஆபிதா கேட்டாள்.

“நீ எதுக்குளா மேல வாற? பிர்க்கிதான் இல்லையே. கலீலுல்லா அங்கிட்டு நின்னு தூக்கி விடுவான். நீ டீயும் வடையும் போட்டு அனுப்பு.”

கலீலுல்லா பட்டறையில் வேலை பார்ப்பவன். ஆபிதா ஜன்னலுக்கு வெளியே கழிமுகத் தண்ணீரைப் பார்த்தபடியே வந்தாள். இருந்த ஒரு நாளும் போனது. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

சங்கராந்துக்கு முன்தினம் ரவூப் மாஞ்சா காய்ச்சினான். உடைந்த டியூப்லைட்டை இடித்து, ஆபிதாவின் பழைய சேலைத் துணியில் சலித்து, சோற்றுப் பசையில் குழைத்துப் பருத்தி நூலில் பூசுவான். ரவூபின் மாஞ்சா பட்டால் விரல் எலும்பு வரை பேசும். சீமைக் கயிறுகளை அவிழ்த்து மூலையில் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மாஞ்சா நூலைக் கட்டினான்.

கண்ணாடித் தூளைச் சலித்துக்கொண்டிருந்தவள் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “மச்சான், ஜிலேபி போட்டா ரெண்டு கயிறும் ஒண்ணுமேல ஒண்ணு முறுக்கிக்கிடுது. வழுக்குற கயிறுனால சரியாப் போச்சு.”

“பிர்க்கி பிடிச்சவ எனக்கு மாஞ்சா சொல்லித் தாறியா?”

ஆபிதா சொல்லித் தரவில்லை. மூலையில் கிடந்த சீமைக் கயிறுகளைச் சிக்கெடுத்துச் சுற்றி, வடைத் தூக்குக்கு அடியில் வைத்தாள். நல்ல பொண்டாட்டி இரண்டாம் தடவையும் சொல்லியிருப்பாள் என்பார்கள். இருக்கலாம். ஆபிதா அன்று அவ்வளவு நல்ல பொண்டாட்டியாக இல்லை.

மறுநாள் மீனாட்சியம்மாள் பொங்கல் பானையை இறக்கி, படையல் முடித்து, சாயங்காலம் டப்பாவோடு மாடி ஏறினாள். கலீலுல்லா தங்கள் மாடியில் நின்று பட்டத்தைத் தூக்கிவிட இசக்கிப்பாண்டி தாராளமாகச் சம்மதித்திருந்தார். வெட்டுவதற்குப் பட்டம் வேண்டாமா என்று கேட்டாராம். சுற்றிலும் இருந்த மாடிகளில் சனம் கூடிவிட்டது. இரண்டு கயிற்றுப் பட்டம் என்றால் சும்மாவா?

பட்டம் எழும்பியது. வால் படபடக்க நேராக மேலே போய் நின்றது. பக்கத்து மாடிகளில் கைதட்டினார்கள். இசக்கிப்பாண்டியின் பட்டம் கிழக்கே எங்கோ புள்ளியாகத் தெரிந்தது, அவர் நூல் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில். ரவூப் பிஸ்மில்லா சொல்லி இடது கையை இழுத்தான். பட்டம் அழகாக ஒரு வட்டம் போட்டது. இரண்டு நூலும் ஒன்றையொன்று தழுவின. நிமிர்த்துவதற்காக வலது கையை இழுத்தான். ரவூபின் மாஞ்சா ரவூபின் மாஞ்சாவை அறுத்தது.

ஒற்றை நூலில் பட்டம் பைத்தியம் பிடித்தது போலச் சுழன்று, இசக்கிப்பாண்டியின் காலடியிலேயே போய் விழுந்தது.

“பாய், நான் தொடவே இல்லையே,” என்றார் இசக்கிப்பாண்டி. கையைத் தூக்கிக் காட்டி நியாயமாகவே சொன்னார்.

அப்புறம் டப்பா முழங்கியது. வெட்டாமலே அடித்த டப்பா அதுதான் முதல். மாடி மாடியாகச் சிரித்தார்கள். கலீலுல்லா முதலாளி முகத்தில் விழிக்கப் பயந்து, எந்தப் பக்கம் இறங்கினான் என்றே தெரியாமல் மறைந்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட ரவூப் தண்ணீர்த்தொட்டியின் மறைவில் போய் உட்கார்ந்தான்.

ஏணியில் வடைத் தூக்கு முதலில் வந்தது, பின்னால் ஆபிதா. அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்காக வந்த காரியத்தை விட முடியுமா? தூக்கைக் கீழே வைத்தாள். அடியிலிருந்து சீமைக் கயிறுகளை எடுத்தாள்.

“இதைக் கட்டலாம் மச்சான்.”

ரவூப் தலை நிமிர்ந்தான். “கட்டு.”

“கட்டுறேன். பிடிக்கிறது நான்.”

“ஊரு சிரிக்கும்ளா.”

“இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கு?”

ரவூப் எழுந்தான். கலீலுல்லாவைக் காணோம். ஆகவே பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் யார் என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை. ரவூப் கயிற்று நுனிகளோடு ஏணியில் இறங்கி, சந்தைத் தாண்டி, எதிரியின் மாடியில் ஏறினான். இசக்கிப்பாண்டி வழிவிட்டு நகர்ந்தார். மீனாட்சியம்மாள் அவனைப் பார்த்தாள், எதிர்மாடியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்ற ஆபிதாவைப் பார்த்தாள், அடித்துக்கொண்டிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ரவூப் கயிறுகளை முடிந்து பட்டத்தைத் தூக்கினான், ஆபிதா பின்னால் ஓரடி வைத்தாள். பட்டம் அவன் கையை விட்டுக் கிளம்பியது.

இடது பக்கம் ஒரு ஜிலேபி, கயிறு முறுக்கியது. வலது பக்கம் ஒரு ஜிலேபி, முறுக்கு பிரிந்தது. இசக்கிப்பாண்டியின் மாடி நெடுக, துணிக்கொடிக்கு மேலே, ஓர் இஸ்திரி. பக்கத்து மாடிகளில் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. ஆபிதாவுக்கு இப்போது யாரும் தெரியவில்லை. கைப்பிடிச்சுவரில் இருந்த டப்பா மட்டும் தெரிந்தது.

பட்டத்தை உச்சிக்குக் கொண்டுபோய், தலைகீழாகத் திருப்பிவிட்டாள். எல்லோரும் குனிந்தார்கள். டப்பா குனியவில்லை. ஒரே தட்டு. சந்து நெடுகச் சத்தம் போட்டுக்கொண்டே போய்ச் சாக்கடைக்குள் விழுந்து, ஒரு தடவை முக்குளித்து அடங்கியது. பட்டம் நிமிர்ந்து மேலே போனது.

முதலில் சிரித்தவள் மீனாட்சியம்மாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பிர்க்கி கீழே விழுந்து உருண்டு, நூல் அதிலேயே சிக்கிக்கொண்டது. டீல் என்று கத்தினார் இசக்கிப்பாண்டி. டீல் வரவில்லை. கிழக்கே எங்கோ முகம் தெரியாத ஒருவன் அவர் பட்டத்தை வெட்டிவிட்டான்.

“ஏங்க, அடுத்த வருசம் எனக்கும் அந்த மாதிரி ரெண்டு கைப்பிடி வாங்கித் தாங்க,” என்றாள் மீனாட்சியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆபிதா பட்டத்தை ரவூபின் காலடியில் மெதுவாக இறக்கினாள். நன்றாகத்தான் இறங்கியது. போதும், பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் வரவில்லை. டப்பா இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பட்டத்தை எடுத்து மண்ணைத் தட்டினான். சந்துக்கு அந்தப் பக்கம் அவள் இரண்டு கைப்பிடிகளையும் இன்னும் கீழே வைக்காமல் நிற்பதைப் பார்த்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, பட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.