அசையாமல் உட்காரும் வேலை

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். யார் தலை என்பதைக் கேட்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக உட்காரும் வேலை அவருக்கு. எல்லோரும் தூண் என்றே கூப்பிட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பெருக்குகிற அம்மா முக்காலியோடு சேர்த்து அவரையும் தூசி தட்டிவிட்டுப் போவாள். ஒரு மாணவன் மழைக்கோட்டை அவர் முழங்கையில் மாட்டிவிட்டு, விடுமுறை முடிந்து வந்து எடுத்துக்கொண்டான்.

வெளியேதான் தூண். உள்ளே ஒரு நிமிஷம் நிம்மதி கிடையாது. முழங்கையிலும் தலையிலும் செதில் செதிலாகப் படர்ந்த சோரியாசிஸ் எறும்பு ஊர்வது போல அரிக்கும், சொறியக் கூடாது. காலையில் எழுந்தால் முழங்கால் துருப்பிடித்த கதவு. சுண்டுவிரல் வாழைப்பழமாக வீங்கியிருந்தது. அந்த விறைப்பைத்தான் கல்லூரியே ‘என்ன ஒரு கட்டுப்பாடு!’ என்று மெச்சியது. அவரும் மறுக்கவில்லை.

பூங்காவில் வைக்கப்போகும் சிலைக்கு அவரை உட்காரவைத்து, வகுப்பின் மூலையிலேயே ஒரு சிற்பி அம்மாள் களிமண் அப்பிக்கொண்டிருந்த சமயத்தில், மனைவி அவரை இழுக்காத குறையாக மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் அவருடைய நகங்களில் இருந்த சின்னச் சின்னக் குழிகளைத் தடவிப் பார்த்தார்.

“இதுக்குப் பேரு சோரியாசிஸ் மூட்டுவாதம். தோலுக்குக் களிம்பு, மூட்டுக்குத் தைலம்னு தனித்தனியா ஓட்டிட்டிருந்தீங்களா? ரெண்டும் ஒரே வீட்டுச் சண்டைங்க. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவைதான். ஆர்வத்துல தினமும் போட்டுடாதீங்க, ஆபத்து. அப்பப்ப ரத்தம் பார்க்கணும். முக்கியமா, ஒரே இடத்துல உட்காரவே கூடாது. நடக்கணும், நீட்டணும், மடக்கணும்.”

“உட்கார்றதுதான் டாக்டர் என் தொழிலே. இப்பக்கூட ஒரு சிலைக்கு உட்கார்ந்திட்டிருக்கேன்.”

“மூட்டு அரிச்சுப்போனா திரும்ப வராது. சிலைக்கு வேற ஆள் கிடைப்பாங்க.”

கடைசி வாக்கியம்தான் தைத்தது. வேற ஆளா?

அன்றிலிருந்து மாத்திரை அட்டை சட்டைப்பையில் முள்ளாகக் குத்தியது. போட்டால் உடம்பு இளகிவிடும், வேலை போய்விடும். போடாவிட்டால் விரல் போய்விடும். உடம்பு முக்காலியில் இருக்க, மனசு தெருத்தெருவாக அலைந்தது.

“சிலை முடியட்டும்டி.”

“முடியட்டும். முடிஞ்சதும் உங்களைப் பூங்காவுல விட்டுட்டு அதை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுறேன். அது முனகாது. ராத்திரி முழுக்கப் புரளாது.”

மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட அவர் விரல் மடங்கவில்லை. அவளே போட்டுவிட்டாள், கிண்டலாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல். அவளுடைய திட்டுக்கெல்லாம் அசையாதவர் அந்த மௌனத்துக்குப் பயந்துபோனார். மாத்திரையை விழுங்கினார்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள், வகுப்பு நடுவில், முழங்கால் ‘டக்’கென்று திறந்துகொண்டது. தூண் எழுந்து நின்றது. அவரை இத்தனை நாளும் பொம்மை என்று நினைத்திருந்த இரண்டு மாணவர்கள் பென்சிலைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கையை நீட்டினார், மடக்கினார், மாடிப்படி ஏறி இறங்கினார், மைதானத்துக்கே ஓடிவிட்டார்.

“உட்காருங்கண்ணே! மூக்கு இன்னும் முடியல!” என்று சிற்பி அம்மாள் கத்தினாள்.

“மூக்கு எங்கூடத்தாம்மா வருது. நீங்களும் வாங்க!”

அவளும் களிமண் வாளியோடு பின்னாலேயே ஓடி, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, ஓடுகிறவரைப் பார்த்தே சிலையை முடித்தாள். அவருக்கு வேலையும் போகவில்லை. ஓடுகிற ஆளை வரைவதற்கென்றே ஒரு வகுப்பு தொடங்கி அவரையே போட்டார்கள். நிறுத்தினால் விறைப்பு திரும்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னதால் மாத்திரையையும் அவர் விடவில்லை.

சிலை இன்றும் பூங்காவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அவர் ஓடிய ஓட்டத்தில் அது குதிரையாகிவிட்டது.