பிற்பகல் மூன்று மணி நிலா

1

இந்தக் கதை என் பயத்திலிருந்து வந்தது. அதை ஒளித்துப் பயனில்லை.

போன வருஷம் ஒரு நண்பர் தன் வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி அரை நிலாவைக் காட்டினார். வெளிச்சப் பாதியும் இருட்டுப் பாதியும் சந்திக்கிற கோட்டுக்குச் சற்று அப்பால், இருட்டுக்குள், தனியாக ஒரு பெருக்கல் குறி எரிந்துகொண்டிருந்தது. யாரோ சாக்பீஸால் போட்டுவிட்டுப் போன மாதிரி.

"மூணு பெரிய பள்ளம் ஒட்டி ஒட்டி இருக்கு" என்றார் நண்பர். "பள்ளத்துக்குள்ள இன்னும் விடியலை. விளிம்பு மட்டும் வெயில்ல நிக்குது. அதுதான் குறி."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"நாலு மணி நேரம். அப்புறம் வெயில் ஏறிரும், இருந்த எடமே தெரியாது. மாசம் ஒருக்கா வரும். ஆனா அந்த நாலு மணி நேரத்துல நம்ம ஊருக்கு மேல நிலா இருக்கணும்ல. பல மாசம் தப்பிப் போயிரும்."

நான் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன். நாலு மணி நேரம் என்று காதில் விழுந்ததும் எனக்கு வந்த கேள்வி இதுதான்: இந்தக் குறி தெரியாவிட்டால் யார் சாவது?

2

முதல் தொடக்கம்: "1942 ஆவணி மாதம். புதுக்கோட்டை சமஸ்தானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு..." (வேண்டாம். சமஸ்தானம் எப்படி மூச்சைப் பிடிக்கும்?)

இரண்டாவது: "ஆத்மநாதன் ஒரு தேசபக்தன். அவன் நெஞ்சில்..." (இதுவும் வேண்டாம். அவன் தேசபக்தன் என்றால் நீங்கள் பெருமைப்படுவீர்கள், பயப்பட மாட்டீர்கள்.)

மூன்றாவது நிற்கட்டும்.

ஆத்மநாதன் சர்வே ஆபீசில் நில வரைபடம் எழுதுகிற குமாஸ்தா. வீடு திருக்கோகர்ணத்தில். நிலம் அளக்கிற தியோடலைட் கருவியை ஆபீசிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்து, அதன் குழாய் வழியாக நிலாவைப் பார்ப்பது அவனுடைய ஒரே கெட்ட பழக்கம். பார்த்த நாளையும் மணியையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவான். மணமேல்குடியில் இருக்கிற மைத்துனன் நல்லதம்பிக்கு ஒரு கார்டு எழுதினான்:

"மச்சானுக்கு. வருகிற அஷ்டமியன்று குறி தெரியும். வெளிச்சம் நாலு மணி நேரந்தான். மணி பிறகு எழுதுகிறேன். தவறாமல் வரவும்."

மணமேல்குடி கடற்கரை ஊர். அந்த வருஷம் ஜப்பான்காரன் படகில் வந்து இறங்குவான் என்று கடற்கரை முழுக்கக் கிலி பிடித்திருந்தது. வெளிச்சம், குறி, மணி, கடற்கரை. கார்டு ஊர் போய்ச் சேரவில்லை. போலீஸ் திருக்கோகர்ணத்துக்கு வந்தது. நோட்டையும் கருவியையும் ஆத்மநாதனையும் கொண்டுபோனது.

நம்முடன் வரப்போகிறவள் அவன் மனைவி செங்கமலம்.

3

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, செங்கமலத்தை ஸ்டேஷனுக்குள் விட்டார்கள். இன்ஸ்பெக்டர் உடையப்பன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வலது கை விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. எண்ணெய் தடவியிருந்தார்.

"நிலாவுல பெருக்கல் குறி. இதை நான் நம்பணும்."

"நானும் பாத்திருக்கேன்யா. ரெண்டு தடவை."

"அதென்ன ஒரு மாசம் குறி இருக்கு, மூணு மாசம் இல்ல? நிலாவுக்கு லீவா?"

"எல்லா மாசமும் வருதுய்யா. நம்ம ஊர்ல நிலா கீழ கெடக்கையில வந்துட்டா எப்புடிப் பாக்குறது."

உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும், அழுதால் வெளியே போகச் சொல்வார்கள்.

"சரி தாயி. சனிக்கிழமை இவனைத் திருச்சிராப்பள்ளிக்கு ஏத்துறேன். அங்க வெள்ளைக்காரன் கோர்ட்டு. உளவுக் கேசுன்னா என்ன தண்டனைன்னு தெரியும்ல. அதுக்குள்ள அந்தக் குறியைக் காட்டுவியா?"

"காட்டுறேன்யா."

"எப்ப?"

கணவன் சொல்லிக் கொடுத்த கணக்கு ஒன்றே ஒன்று. அஷ்டமி பிறந்து பாதி கழிகிற நேரத்தில் குறி தெரியும். அது பிறக்கிற நேரம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைக் காலையில்தான் பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை எட்டுக்கு அஷ்டமி பிறக்கிறது.

"நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குங்கய்யா."

4

(இந்த இடத்தில் ஒரு குறிப்பு. நம் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு வகை. பழைய சூத்திரப்படி போடுவது வாக்கியம். புதிய கணக்கில் திருத்திப் போடுவது திருக்கணிதம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. அஷ்டமியில்தான் முட்டிக்கொள்ளும். சில மாதம் ஐந்து மணி நேரம்கூடத் தள்ளிப்போகும். இது எனக்கு மூன்றாவது பகுதியை எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது. செங்கமலம் 'எட்டு மணி' என்று சொல்லிவிட்டாள். அடித்துவிட்டு வேறு மணி போட்டிருக்கலாம். போடவில்லை. தொடர்கதைக்காரனுக்கு இப்படி ஒரு பள்ளம் லேசில் கிடைக்காது. அந்தப் புத்தி எனக்கே பிடிக்கவில்லை.)

வெள்ளிக்கிழமை காலை, ராத்திரி வீடு திரும்பப் போகிறவனுக்கு மாற்று வேட்டி எடுக்க அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் இன்னொரு பஞ்சாங்கம். திருக்கணிதம். ஒவ்வொரு வளர்பிறை அஷ்டமிக்கும் கீழே அவன் போட்ட பென்சில் கோடு. சுவரில் தொங்குவது வாக்கியம். அதில் ஒரு கோடும் இல்லை.

இன்றைய தேதியைத் தேடினாள். அஷ்டமி விடியற்காலம் மூன்றுக்கே பிறந்துவிட்டது.

பாதி கழிவது பிற்பகல் மூன்று மணிக்கு. குறி ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்துக்குள் அழிந்துவிடும். இன்ஸ்பெக்டர் கருவியோடு வரும் எட்டு மணிக்கு நிலாவில் ஒன்றும் இருக்காது.

அவளுக்குக் கல்யாணத்துக்கு நாள் பார்த்தது, அப்பாவுக்குத் திதி கொடுப்பது எல்லாமே சுவரில் தொங்குவதை வைத்துத்தான். அது பொய் சொல்லுமா? பென்சில் கோட்டை நம்புவதா? வெறுங்கண்ணால் பார்த்துத் தீர்க்கிற விஷயமும் இல்லை. கருவி ஸ்டேஷனில் இருக்கிறது.

(பென்சில் கோட்டைப் போட்டவன் நான். அழித்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.)

பன்னிரண்டு அடித்ததும் கதவைப் பூட்டினாள். எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் முறத்தோடு நின்றாள்.

"அஷ்டமியும் அதுவுமா எங்கடி கெளம்பிட்ட? இன்னைக்கிப் போற காரியம் வெளங்குமா?"

"எங்களுக்கு அஷ்டமியிலதான்க்கா வெளங்கணும்."

5

"நேத்து எட்டுன்ன. இன்னைக்கு மூணுங்கிற" என்றார் உடையப்பன். "கடல்ல வாறவனுக்கும் இப்புடித்தான் மணியை மாத்திச் சொல்லுவீகளா?"

"தப்பான பஞ்சாங்கத்தைப் பாத்துட்டேன்யா."

"பட்டப்பகல்ல நிலாவைக் காட்டுறேங்கிற."

"மேல ஏறிருச்சுய்யா. வெளிய வந்துதான் பாருங்களேன்."

வந்தார். ஸ்டேஷன் புளியமரத்துக்குக் கிழக்கே, வெளுத்த வானத்தில், தோசையை மடித்த மாதிரி பாதி நிலா நின்றது. தினமும் தலைக்கு மேலே போன ஒன்றை அவர் இதுவரை கவனித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"மூணுக்கு இல்லைன்னா?"

"எட்டுக்கும் வாங்கன்னு கேக்க மாட்டேன்யா."

இதற்கு மேல் எனக்குப் பல முடிவுகள் வந்தன. மேகத்தை இறக்கலாம். ஆவணியில் பிற்பகல் மேகத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். (கோழைத்தனம்.) மூன்று மணிக்குக் கான்ஸ்டபிள் ஓடிவந்து, "சார், உண்மையான உளவாளி பிடிபட்டு..." (சீ.) பென்சில் கோடு தப்பு, சுவரில் தொங்கியதுதான் சரி என்று வைத்து அவளை நொறுக்கலாம். இதை ஒரு பக்கம் எழுதிக்கூடப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

பஞ்சாங்கத்துக்கும் மேகத்துக்கும் பயந்துகொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கும்போதுதான் யாருக்குப் பயந்திருக்க வேண்டும் என்று உறைத்தது. உடையப்பனின் வீங்கிய விரல் முட்டி நினைவிருக்கிறதா? கதைக்கு ஒரு விறுவிறுப்பு இருக்கட்டுமே என்று மூன்றாம் பகுதியில் போட்டுவைத்தேன். நிலாவில் குறி இருந்தால், ஒன்பது நாள் அந்தக் கை அடித்தது ஒரு குற்றமும் செய்யாதவனை. குறி இல்லையென்றால் அந்தக் கை தன் கடமையைச் செய்தது.

குழாயில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் வைக்க முடியும். அந்தக் கண் பார்த்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

6

மூன்றடிக்கப் பத்து நிமிஷம். ஸ்டேஷன் முற்றத்தில் தியோடலைட்டை முக்காலியில் நிறுத்தினார்கள். செங்கமலம் திருகுகளைக் கணவன் திருகுகிற மாதிரியே திருகினாள். நிலா இரண்டு தடவை குழாயை விட்டு ஓடியது. உள்ளே இருமல் சத்தம் நின்றிருந்தது. அவனும் காதைக் கொடுத்திருக்க வேண்டும்.

"தலைகீழாத் தெரியும்யா" என்றாள். "இந்தக் கருவி அப்புடித்தான். பெருக்கல் குறிக்குத் தலையும் காலும் ஒண்ணுதான்."

கண்ணை வைத்தாள்.

இருந்தது.

இதில் நான் சந்தேகம் வைக்க மாட்டேன். அவளுக்கு அவ்வளவாவது செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். நீல வெளிச்சத்தில் மங்கலாக, ஆனால் நான்கு கையும் தெளிவாக, நிழலுக்குள் தனியே நின்றது குறி. அவள் மூச்சை மெல்ல விட்டாள். விலகிக்கொண்டாள்.

"நீங்களே பாருங்கய்யா."

உடையப்பன் தொப்பியைக் கழற்றிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. எண்ணெய் தடவிய கை முக்காலியின் காலைப் பிடித்திருந்தது. கான்ஸ்டபிள் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் நிமிர்ந்து என்ன சொன்னார் என்று நான்கு விதமாக எழுதிவைத்திருக்கிறேன். எதையும் கொடுக்கப் போவதில்லை. அந்த வார்த்தை என்னுடையதாக இருந்தால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். ஒன்பது நாளும் உள்ளே என்ன நடந்தது என்று கேட்காமல், குறி தெரியுமா தெரியாதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு இதுவரை வந்தோம், நீங்களும் நானும்.

அதனால் அவரைக் கொஞ்சம் நகர்த்திவிடுகிறேன். குனியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மூன்றடித்து ஐந்து நிமிஷம். ஐந்து மணிக்கு மேல் யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் இருக்காது, நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் நிற்கும்.

பின்னால் செங்கமலத்தின் வளையல் சத்தம். பக்கத்தில் வந்து நிற்கிறாள். உங்களிடம்தான் கேட்கிறாள்:

"தெரியுதாய்யா?"