ஒரு தரம், இரண்டு தரம்

...ஒருவர் கேட்டாலும் ஏலம் ஏலம்தான், இருவர் கேட்டால் இன்னும் நல்லது, மூன்று பேர் சேர்ந்தாற்போல் வந்து எத்தனை மாதமாயிற்று என்று யோசிக்க ஆரம்பித்தால் கை ஓடாது, ஆகவே யோசிக்க வேண்டாம், திரையைப் பார்த்தால் போதும், மணி பதினொன்று இருபது, பன்னிரண்டுக்கு முடிகிறது, பித்தளை நுண்ணோக்கி, கேட்டிருப்பவர் ஒருவர், ஆந்தை என்ற பெயரில். வேறு யார்? ஆந்தை இல்லாமல் இந்த இணையத்தளத்தில் எந்த ஏலம் நடந்திருக்கிறது? எட்டு வருடமாக அந்தப் பெயரைப் பார்க்கிறாள், ஆளைப் பார்த்ததில்லை, ஆனால் மனதுக்குள் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தாள்... வழுக்கை, தடித்த கண்ணாடி, வீடு முழுக்கப் பழைய சாமான், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே மேலும் மேலும் வாங்கிக் குவிக்கிற ஒரு பைத்தியம், நல்ல பைத்தியம். அந்த மாதிரி நூறு பேர் கிடைத்தால் போதும் என்றுதான் தம்பியும் அவளும் ஆரம்பித்தார்கள், நூறு பேர், உலகத்தில் அது ஒரு எண்ணிக்கையா? கீழே தையல் கடையில் இயந்திரம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. தையல்காரனுக்காவது விடாமல் வேலை இருக்கிறது.

'மூணுதரம்' என்று பெயர் வைத்தது அவள்தான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், ஏலம் என்றால் யாருக்கும் காதில் விழுவது அதுதானே என்று சொன்னதற்குத் தம்பி, "அக்கா, மூணாந்தரம்னு படிச்சுத் தொலைக்கப் போறாங்க" என்றான், இருவரும் விக்கல் எடுக்கும்வரை சிரித்தார்கள். அப்போது எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது. ஊரே விற்று வாங்குகிற அந்தப் பெரிய ஏலத் தளத்துக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்ததும் அப்போதுதான்... எல்லார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைத்து, கடைசி வார்த்தை தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று நிற்கிற பெரியப்பா. அங்கே உடைந்ததையும் 'நல்ல நிலையில்' என்று போட்டு விற்பார்கள், இங்கே அப்படி இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் பதினோரு வருடம் சேத அறிக்கை எழுதிய கை அவளுடையது, நசுங்கிய கதவு, நனைந்த மூட்டை, கருகிய மேசை, எது எவ்வளவு என்று எழுதியே தேய்ந்த கை. குறையை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் நம்பி வருவார்கள் என்றாள். வந்தார்கள், முதல் இரண்டு வருடம். அப்புறம் ஏன் நின்றார்கள்? யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டும் போகவில்லை, கூட்டம் கலைகிற மாதிரி ஒவ்வொருவராக... தம்பிதான் ஒருநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். விற்கிறவன் வாங்குகிறவன் இருக்கிற இடத்துக்குப் போகிறான், வாங்குகிறவன் விற்கிறவன் இருக்கிற இடத்துக்குப் போகிறான், நடுவில் நாம் நின்று கை தட்டிக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று. அடுத்த மாதம் பெரியப்பாவிடமே வேலைக்குச் சேர்ந்தான். அவள் ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் சொன்னது தவறென்றா பேசவில்லை? அதையும் இப்போது யோசிக்க வேண்டாம்.

பதினொன்றரைக்குக் கைப்பேசி அடித்தது. ஆய்வகக்காரரின் மனைவி. கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவருடைய கணவர், கல்லூரி கழித்துக் கட்டிய நுண்ணோக்கிகளைக் கெஞ்சி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர், போன வருடம் இறந்துபோனார். மகள் வீட்டுக்குப் போகப் போகிறேன், அங்கே எனக்கென்று அலமாரியில் ஒரு தட்டுகூடக் கிடையாது, இதை மதிக்கிற கைக்குப் போகட்டும் என்றுதான் அந்த அம்மா நான்கையும் கொடுத்தார். மூன்று விற்றாகிவிட்டது, மூன்றும் ஆந்தைக்கு. உங்கள் வீட்டுக்காரரைப் போலவே ஒருவர் எடுத்துக்கொண்டார் அம்மா என்று அவளே சொன்னாள், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அன்று முழுக்க அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. இப்போது அந்த அம்மா தயங்கித் தயங்கிப் பேசினார். மகள் ஏதோ தேடிக்கொண்டிருந்தாளாம், அந்தப் பெரிய தளத்தில் அப்பாவுடைய மூன்றும் இருக்கிறதாம், மூன்று மடங்கு விலையாம், வேறு ஏதோவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். "ஆனா போட்டோல உங்க மேசைத் துணிகூடத் தெரியுதும்மா" என்றார்.

தெரிந்தது. வெள்ளைத் துணி, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்பு. அவள் எடுத்த படம், அவள் எழுதிய வரிகள், ஒரு கால்புள்ளி மாறவில்லை... இல்லை, ஒன்று மாறியிருந்தது, 'அடித்தட்டில் நகம் பட்டது போன்ற கீறல்' என்ற முதல் வரி மட்டும் இல்லை. விற்பவர் பெயர் வேறு, ஊர் அதே ஊர், எட்டு வருடமாக ஆந்தைக்கு அட்டைப்பெட்டி மேல் அவள் கையால் எழுதி அனுப்பிய ஊர். கீழே இறக்கினாள். போன வருடத்து வானொலி, மாலுமியின் திசைகாட்டி, சாவி தொலைந்த மேசைக் கடிகாரம், அதற்கும் முந்தைய வருடத்துக் கேமரா, ஒவ்வொன்றும் அந்தப் பழுப்புக் கறை பக்கத்தில் நின்றுகொண்டு, காணாமல் போன பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. வழுக்கையும் இல்லை, தடித்த கண்ணாடியும் இல்லை, திட்டுகிற மனைவியும் இல்லை. அப்படியானால் எட்டு வருடமாக அவள் நடத்தியது என்ன? போட்டி என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எதற்கு? பெரியப்பா கடைக்கு மலிவாகச் சரக்கு எடுத்துக் கொடுக்கிற கிடங்கு... அதற்கா வேலையை விட்டாள், அதற்கா தம்பியோடு பேசாமல் இருந்தாள்?

கைப்பேசி இன்னும் காதில்தான் இருந்தது. அந்த அம்மா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "நீங்களே சொல்லுங்கம்மா. நான் முதல்லயே அங்க போட்டிருக்கணுமா?" சொல்வதற்கு எத்தனையோ இருந்தது, அங்கே ஏமாற்றுவார்கள், அங்கே போன் எடுக்க ஆள் கிடையாது, அங்கே உங்கள் கணவரைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள்... எல்லாம் உண்மைதான், எல்லாம் வாய் வரை வந்தது. "ஆமாம்மா, அங்கதான் போட்டிருக்கணும்" என்றாள். சொன்ன குரல் யாருடையதோ மாதிரி கேட்டது. அந்த அம்மா, "அதெல்லாம் எனக்கு வராது. உங்களை மாதிரி எழுதவும் வராது. நீங்களே அங்க போட்டுக் குடுத்துடுறீங்களா?" என்றார், பக்கத்துக் கடையில் ஒரு சாமான் வாங்கி வரச் சொல்கிற மாதிரி, குத்தல் ஒன்றும் இல்லாமல்.

ஏலத்தை நிறுத்தும் பொத்தானைத் தம்பி ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்தான், தவறிக் கை பட்டுவிடக் கூடாதென்று. அமுக்கினால் காரணம் கேட்டது. என்ன எழுத? 'உரிமையாளர் விருப்பம்' என்று எழுதினாள், யாருடைய விருப்பம், எதற்கு உரிமையாளர்... மணி பதினொன்று நாற்பத்தொன்று. நான்காவது நிமிடம் ஆந்தையிடமிருந்து செய்தி, எட்டு வருடத்தில் முதல் தடவை. 'என்னாச்சு மேடம்? ரொம்ப எதிர்பார்த்துட்டு இருந்தேன். அடுத்து எப்போ?' அவனைத் தளத்திலிருந்தே நீக்கிவிடலாமா? விரல் அந்த இடத்துக்குப் போனது. எதற்காக நீக்க வேண்டும்? ஒரு நாள்கூடப் பணம் தாமதித்ததில்லை, ஒரு பொருளைத் திருப்பி அனுப்பியதில்லை, வியாபாரி வியாபாரம் செய்திருக்கிறான், அவனுக்கு மனைவியையும் கண்ணாடியையும் கற்பித்தது அவள். நீக்கவில்லை, பதிலும் போடவில்லை. 'இப்போது நடக்கும் ஏலங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே வெறும் வெள்ளையாக இருந்தது.

பெரியப்பா வீட்டில் நுழைவது இவ்வளவு சுலபமா? பெயர், கைப்பேசி எண், ஒரு படம், முடிந்தது. விவரம் சுருக்கமாக இருந்தால் நல்லது என்று சொன்னது, அவள் சுருக்கவில்லை, குமிழ் ஒன்று இறுக்கமாகத் திரும்புகிறது என்பதிலேயே ஆரம்பித்து, துடைத்து வைத்திருந்த மனிதரைப் பற்றியும் இரண்டு வரி எழுதினாள், ஏலத்தில் விட்டாள், நாற்காலியில் சாய்ந்தாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பார்ப்பவர்கள் ஒன்பது பேர். பதினேழு. முப்பத்தொன்று. தையல் இயந்திரம் நின்றிருந்தது, அது எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. ஒருவர் கேட்டுவிட்டார், அதற்கு மேல் இன்னொருவர், உடனே மூன்றாமவர், இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கூட்டம் இருக்கிற இடத்தில் கூட்டம் சேர்கிறது, அவ்வளவுதான், இதற்குப் போய் மார்பு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? கீழே ஒரு கேள்வி வந்து நின்றது, யாரோ, எங்கிருந்தோ. 'இதில் கண் வைத்துப் பார்த்தீர்களா? எப்படித் தெரிகிறது?'

பார்க்கவில்லை. நான்கையும் அளந்திருக்கிறாள், நிறுத்திருக்கிறாள், கீறல் எண்ணியிருக்கிறாள், ஒன்றிலும் கண் வைத்துப் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள், அதன் அடிக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள், பெட்டி கட்டுகிற சணலில் ஒரு இழை பிரித்து லென்சுக்கு அடியில் வைத்தாள், முதலில் இருட்டு, பிறகு மங்கல், இறுக்கமான குமிழை இரண்டு விரலால் மெல்லத் திருப்பத் திருப்ப, கயிறு கயிறாக, பொன் நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பதில் எழுத வேண்டும், உடனே எழுத வேண்டும், நன்றாகத் தெரிகிறது என்று... சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் வலித்தபோதுதான் அது தெரிந்தது. சொந்தத் தளத்தில் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள்? இதைச் சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் தம்பி ஒருவன்தான், கைப்பேசியில் அவன் பெயர் வரைக்கும் போய்விட்டாள், அங்கே விரல் நின்றது. என்னவென்று சொல்வது, தோற்றுவிட்டேன் என்றா, சந்தோஷமாக இருக்கிறேன் என்றா? இரண்டும் ஒரே விஷயமாக இருந்துவிட்டால்...