செண்டுப்பூவுக்கு நடுவில் ஒரு போட்டோ

மனைவி சீதாலட்சுமியின் கடிதத்தை வேலுச்சாமி மூன்று தடவை படித்தான். "அழகுமலை அண்ணன் பூந்தோட்டத்தில் நிற்கிற போட்டோவை அவர் பெண்சாதி ஜெயமணி தெரு முழுக்கக் காட்டுகிறாள். ஒரே கப்பலில்தானே போனீர்கள், நீங்களும் அப்படி ஒரு வேலை கேட்டுப் பார்க்கக் கூடாதா?"

கடிதத்தைக் கசக்கிப் பையில் திணித்தான். அந்தத் தோட்டம் வேலுச்சாமி வளர்த்தது. பஹ்ரைனில், மனாமா நகருக்கு வெளியே, முத்து வியாபாரி ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய மாளிகை இப்போது ஓட்டல். வேலுச்சாமி அங்கே தோட்டக்காரன். ஐப்பசியில் விதை போட்டு, உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டி, மாசியில் செண்டுப்பூவும் பெட்டூனியாவும் பாத்தி பாத்தியாகப் பூக்க வைத்தவன். கடல் தாண்டியும் மண்வெட்டிதானா என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில், வீட்டுக்கு மட்டும் "ஓட்டலில் வேலை" என்று எழுதியிருந்தான்.

அழகுமலை கட்டட சைட்டில் சிமெண்ட் மூட்டை சுமப்பவன். பூக்கிற மாதத்தில் வெள்ளிக்கிழமைகளில் வெளியாட்களும் தோட்டம் பார்க்கலாம் என்றதும், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து, செண்டுப்பூவுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எழுதத் தெரியாத அழகுமலைக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் வேலுச்சாமிதான். அன்று சாயங்காலமும் அழகுமலை ஏர்மெயில் தாளோடு, தொழிலாளர் கேம்பில் இவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வழக்கம்போல நலம் விசாரித்து, விஷயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய வேலுச்சாமி, அவன் சொல்லாத இரண்டு வரியையும் சேர்த்தான்: "போட்டோவில் உள்ள தோட்டம் என்னுடைய வேலை இடம் இல்லை. நான் சிமெண்ட் மூட்டை சுமக்கிறேன்." வாசித்துக் காட்டும்போது அதை மட்டும் தாண்டிப் போனான்.

"மாப்ள, ஒண்ணு விட்டுப்போச்சு," என்றான் அழகுமலை. "பூவுக்கெல்லாம் நீங்களா தண்ணி ஊத்துறீகன்னு போன லெட்டர்ல கேட்ருந்தாள்ல? ஆமான்னே எழுதிரு. மூட்டை தூக்குறேன்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு இறங்காது."

சொல்லிக்கொண்டே பிடரியைத் தடவினான். மூட்டை உரசி அங்கே தோல் உரிந்திருந்தது.

எழுத்துப் பிழையாகிவிட்டது என்று சொல்லி வேலுச்சாமி தாளைக் கிழித்தான். புதுத் தாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினான். சிமெண்ட் மூட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் "ஆமாம்" என்று எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றது. அதற்குப் பதிலாக வேறு இரண்டு வரி எழுதி, இந்தத் தடவை எதையும் தாண்டாமல் வாசித்தான்.

"பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவது வேலுச்சாமி. நான் வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பேன்."

அழகுமலை தரையைப் பார்த்தான். "அதையும் எழுதணுமா மாப்ள?"

"எழுதணும்," என்று சொல்லி வேலுச்சாமி உறையை நாக்கால் நனைத்து ஒட்டினான்.