முந்தி விடியும் சொல்

நாளுக்கொரு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் கைபேசி விளையாட்டில் தர்சிகாதான் எப்போதும் முந்துவாள். மானிப்பாயில் விடிந்த பிறகுதானே கனடாவில் விடியும். புதுச் சொல்லும் அப்படித்தான் போகும். அங்கிருக்கும் கணவன் சிவரூபனுக்கு அது கிடைக்கும்வரை அவள் வாய் திறக்கக்கூடாது.

இன்றைக்கும், மாமனாரின் உடலைக் கூடத்தில் கிடத்திய பிறகு, அவள் விளையாடினாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. கைக்கு வேறு வேலை இல்லை. நடுவில் 'ஏ' வரும் சொல். வெட்கங்கெட்ட மூளை மூன்றாம் முயற்சியிலேயே பிடித்துவிட்டது. அழுகைதான் வரவில்லை.

"அப்பா போனதைத் தம்பிக்கு இப்ப சொல்லிப்போடாதை, பிள்ளை," என்றார் சிவரூபனின் தமையன். "இரவு வேலையில தனிய நிக்கிறான். வீட்டை போகட்டும். பக்கத்தில ஆள் நிக்கேக்க சொல்லுவம்."

"ஓம்."

கொஞ்ச நேரத்தில் சிவரூபனின் குரல்பதிவு வந்தது. காதோடு வைத்துக் கேட்டாள். சிரித்துக்கொண்டே பேசியிருந்தான்.

"நீ கண்டுபிடிச்சிருப்பாய், எனக்குத் தெரியும். நான் இன்னும் பாக்கேல்லை. சொல்லிப்போடாதை, என்ன?"

வாசலில் பறை அடிக்கத் தொடங்கியிருந்தது. அதனால் அவள் பேசி அனுப்பாமல் எழுதி அனுப்பினாள்.

"சொல்லமாட்டன்."