நாற்காலிக்கு அடியில் காஸ்பரின் இதயம்

ரைனி ஷ்லோசர் மூக்கைச் சொறிந்து ஏமாற்றுகிறார் என்று கத்தி, சீட்டுகளை வீசிவிட்டு காஸ்பர் ஃபைஸ்ட் வீட்டுக்குப் போனபோது, அவருடைய இதயம் அவரோடு போகவில்லை. மாதாகோவில் கூடத்தில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காப்பி போட வந்த ஓட்டிலியாதான் முதலில் பார்த்தார். நடுத்தர உருளைக்கிழங்கு அளவில் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கூட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கம் ஜனவரியில் நடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

காஸ்பருக்கு அப்போது எண்பத்தொன்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வெயிலடிக்கும் ஊர்களில் இருந்தார்கள். ஊருக்கு வெளியே, கோதுமை வயல் நடுவில் தனி வீடு. வீடு வீடாகப் போகும் நர்ஸ் டார்லீன் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, “பெரியவரே, உங்களுக்கு நாடியே இல்லையே?” என்றாள். “ஒண்ணும் மோசமில்ல,” என்றார் காஸ்பர். எங்கள் ஊரில் உடம்பைப் பற்றி அதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். டாக்டரும் யோசித்து உப்பைக் குறைக்கச் சொன்னார். காஸ்பர் உப்பை மட்டுமல்ல, சாப்பாட்டையே குறைத்தார். சூப்பைச் சட்டியோடு நின்றபடி குடித்தார், வானொலியோடு சண்டை போட்டார். வீட்டுக்குள்ளேயே மீசையில் பனி படிந்தது. சில்லென்று கிடந்த அவர் மடியை விட்டு நாயும் போய் அடுப்படியில் படுத்துக்கொண்டது.

கூடத்தில் ஆட்டம் நிற்கவில்லை. ரைனியும் அவருடைய ஜோடி பயஸும் ஒரு பக்கம், ஓட்டிலியாவும் காலி நாற்காலியும் மறுபக்கம். பயஸுக்குக் காது கேட்காது. துருப்பு கையில் இருந்தால் ரைனி மூக்கைச் சொறிவார். சொறிந்த உடனே நாற்காலிக்கு அடியில் இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும், காப்பி சிந்தும், அவரிடம் துருப்பு இருப்பது ஓட்டிலியாவுக்குத் தெரிந்துவிடும். இப்படி இரண்டு குளிர்காலம் ரைனி தோற்றார். அப்புறம் ஒரு பிப்ரவரியில் அந்தத் துடிப்பு தளர ஆரம்பித்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஓட்டிலியா மூன்று கோப்பையிலும் காப்பி ஊற்றி முடித்துவிடுவார். இனி எவ்வளவு மூக்கைச் சொறிந்தாலும் கேட்க ஆளிருக்காது என்று தெரிந்ததும் ரைனி சீட்டைக் கீழே வைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு காஸ்பர் வீட்டுக்குப் போனார்.

எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் வாங்குகிறவன் பேராசைக்காரன், மூன்றாம் தடவை கேட்காதவன் கல்நெஞ்சன். ரைனி வாசலில் நின்றபடி, “சீட்டாட வாடா,” என்றார். “வேணாம்.” “வாடா.” “இருக்கட்டும், எனக்கென்ன.” மூன்றாம் தடவை கேட்டால் மூக்கைச் சொறிந்ததை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடுமே என்று ரைனிக்கு வீம்பு. “சரி, உன் இஷ்டம்,” என்று திரும்பிவிட்டார்.

விஷயம் கேட்டதும் ஓட்டிலியா காப்பிச் சட்டியோடு எழுந்தார். “ரெண்டு தடவை கேட்டுட்டு வந்துட்டியா? நீயெல்லாம் இந்த ஊர்ல பொறந்தவனா? அந்தாளு ஒரு கால்ல பூட்ஸ மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்டா பாவி!”

அப்போது இதயம் நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். காது கேளாத பயஸ்கூடச் சத்தம் நின்றதை உணர்ந்து சீட்டைக் கவிழ்த்து வைத்தார். வெகு நேரம் கழித்து, மனசில்லாமல், ஒரே ஒரு தடவை துடித்தது. ரைனி தொப்பிகூடப் போடாமல் வண்டிக்கு ஓடினார்.

காஸ்பர் ஒரு காலில் பூட்ஸோடுதான் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனாலும் முறை முறைதான், கணக்கு முதலிலிருந்து. “வாடா.” “வேணாம்.” “வாடா காஸ்பர்.” “இருக்கட்டும்.” மூன்றாம் தடவை ரைனி பின்வாங்கவில்லை. “நான் மூக்கச் சொறிஞ்சது நெசந்தான். பயஸுக்குக் காது கேக்கல, வேற என்னடா பண்ணுவேன்? நீ இல்லாம ஜெயிச்சாலும் புடிக்கல, தோத்தாலும் புடிக்கல. எந்திரிச்சு வாடா.”

“இவ்ளோ சொல்றியேன்னு வரேன்,” என்று காஸ்பர் இன்னொரு பூட்ஸைத் தேடினார்.

கூடத்தில் அவர் உட்கார்ந்ததும் இதயம் கால்சட்டை வழியாக ஏறி உள்ளே போனது. ஒரு விக்கல் வந்தது. சூப் கேட்டார், உப்பும் கேட்டார். இரண்டாவது ஆட்டத்தில் ரைனியின் கை மூக்குப் பக்கம் போக, காஸ்பர் மேசையில் ஓங்கி அடித்து முகம் சிவக்கத் திட்டினார். அந்தச் சிவப்பைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வந்த எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குக் கிளம்பியபோது இதயம் இறங்கி மறுபடி நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. காஸ்பர் குனிந்து பார்த்தார். “கெடக்கட்டும், நாளைக்கு வரத்தானே போறேன்,” என்றார். அடுத்த வருஷத்துக்குள் மற்ற மூவரும் தங்களுடையதை அங்கேயே விட்டுப் போகப் பழகிவிட்டார்கள்; பனியில் நடக்க இலேசாக இருக்கிறதாம். காஸ்பருக்கு இப்போது தொண்ணூறு நடக்கிறது. வியாழக்கிழமைகளில் டார்லீன் வந்து மேசைக்கு அடியில் மண்டிபோட்டு நாலையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு போகிறாள்.