அடைத்த காற்றுத் துளை

மே மாதக் கடைசியில் வெட்டர்ன் ஏரிக்கரையில் அப்படியொரு வெயில். குளிர்காலம் முழுக்கப் படகுகள் அடைந்துகிடந்த தகரக் கொட்டகை கொதித்தது. பெட்ரோல் நாற்றம் ஆளைத் தூக்கியது. பெட்ரோல் தொட்டி காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோர்க்கும் என்று, இலையுதிர் காலத்திலேயே விளிம்புவரை நிரப்பி வைப்பது அங்கே வழக்கம். சூட்டில் பெட்ரோல் பெருகாமல் என்ன செய்யும்? சிக்னேயின் படகில் தொட்டியின் காற்றுத் துளை வழியே சொட்டுச் சொட்டாக வழிந்தது.

பக்கத்துப் படகுக்காரர் ஹால்வார் சும்மா இருப்பாரா? "உங்க படகு நாறுது. இன்னிக்கே சரி பண்ணலைன்னா படகுச் சங்கத்துல சொல்லி வெளிய தள்ள வெச்சிருவேன்" என்று காலையிலேயே சிடுசிடுத்துவிட்டுப் போனார். சிக்னேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்டுநாடாவால் துளையை இறுக்கி அடைத்துவிட்டு, படகின் அடியில் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தாள்.

மத்தியானம் அவள் புருஷன் எஸ்கில் பேட்டரியோடு வந்து அதை மாட்டினான். ஏதோ காய்ச்சலில் அவனுக்கு மூக்கு செத்துப்போய் மூன்று வருடம். இன்ஜினைக் கிளப்புமுன் அவள்தான் இன்ஜின் மூடியைத் திறந்து, உள்ளே பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கிறதா என்று முகர்ந்து சொல்லவேண்டும். அவள் மூக்கை நம்பித்தான் அவன் உயிர்.

"மகராசி, உன் மூக்கு என்ன சொல்லுது?"

சிக்னே ஏணியில் ஏறிக் குனிந்தாள். பெயின்ட் நெடியில் மூக்கு மரத்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை, பாவி.

"ஒண்ணும் வரல. தைரியமா போடு."

"உன் தலைமேல சத்தியமா?"

"என் தலை எதுக்கு? உன் வழுக்கைமேல சத்தியம்."

சிரித்துக்கொண்டே இறங்கி, காபிக் குடுவையை எடுக்க வாசலுக்குப் போனாள். வெளியேற வழியில்லாத பெட்ரோல் தொட்டியின் பழைய ரப்பர் வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு படகின் உள்ளே அடிவயிற்றில் தேங்கியிருந்தது. எஸ்கில் சாவியைத் திருப்பினான். கொட்டகையே அதிர்ந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், சிக்னே பக்கத்தில் நிற்க, கட்டுகளுக்குள் கிடந்தவனிடம் தீயணைப்பு அதிகாரி கேட்டார். "கிளப்புமுன்னாடி முகர்ந்து பார்த்தீங்களா?"

"இல்ல. அவசரம். இவளைக் கேக்காமலே போட்டுட்டேன்."

"காற்றுத் துளையில ஒட்டுநாடா இருந்துச்சே?"

எஸ்கிலுக்கு அது அப்போதுதான் தெரியும். மெல்லத் திரும்பிச் சிக்னேயைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்துக்கிடந்தது.

"அதுவும் நான்தான்" என்றான்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த சிக்னே, குனிந்து அவன் போர்வையைச் சரிசெய்தாள். சாயங்காலம் அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் காபி குடிக்கையில் ஹால்வார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு அனுபவம் அவருக்கு. கடைசியில இப்படி முட்டாத்தனம் பண்ணிட்டாரே."

"ஆமாங்க" என்றாள் சிக்னே.